தகப்பனாரை அழைத்து வா!

மாணவன் வகுப்பில் தூங்கினானா? தகப்பனாரை அழைத்து வா! மாணவி பத்து நாள் வரவில்லையா? தகப்பனாரை அழைத்து வா! கட்டணம் பாக்கியா, மதிப்பெண் குறைந்ததா, தேர்வன்று மயங்கி விழுந்தாளா? எல்லா நோய்க்கும் ஒரே மருந்து! கல்லூரியிலே பாடம் சொல்லிப் பிழைக்கும் நம் காதுகளில் இந்த ஆணை விழாத நாளில்லை. கெட்ட எண்ணத்தோடு எவரும் சொல்வதில்லை. பெற்றவனைவிடப் பிள்ளையிடம் அக்கறை கொண்டவன் வேறு யார் இருக்க முடியும் என்ற நம்பிக்கையிலே சொல்லுகிறார்கள். நம்பிக்கை! தோழர்களே, நாம் உரசிப் பார்க்கக் கடமைப்பட்ட சொல் அதுதானே?

அடிப்பவர் தகப்பனாராகவே இருந்தால் என்ன செய்வது?

வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பதினொரு நாள் வகுப்புக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்தாள். பங்குனி வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை. இடக் கண்ணுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாய் ஆறிக்கொண்டிருந்த கன்றிப்போன தடம். "மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன், சார்" என்றாள். அவளுடைய துறைத் தலைவர் இரக்கமுள்ளவர். "பார்த்து இறங்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டார். பிறகு வழக்கப்படி, வருகைக் குறைவு பற்றி வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவிக்குமாறு சீட்டு எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தச் சீட்டை எடுத்துச் சென்ற அலுவலக உதவியாளர் அம்மையார் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நம்மைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னார்: "சார், அந்தப் பொண்ணு எங்க தெருவுக்கு அடுத்த தெரு. அது ஓட்டு வீடு. மாடி ஏது, படி ஏது?"

முனைவர் பட்டங்கள் வரிசை வரிசையாய்ப் பெயர்ப்பலகையில் தொங்கும் துறையிலே எவருக்கும் எழாத கேள்வி, காகிதம் சுமக்கும் அம்மையாருக்கு எழுந்தது! வீட்டுக்குப் போகவிருந்த தொலைபேசி அழைப்பு அவரால் நின்றது. போயிருந்தால் எடுத்திருப்பவர் யார்? கல்லூரிப் பதிவேட்டில் இருந்தது ஒரே ஓர் எண்; அது, அவளை அடித்தவருடைய எண்.

பிற்பகலில் நூலகத்தின் பின்னறையில், அந்த அம்மையாரும் ஒரு பேராசிரியையும் உடனிருக்க, மாணவி பேசினாள். தகப்பனார் தாயை அடிப்பது அவள் நினைவு தெரிந்த நாளிலிருந்து நடப்பது. இம்முறை குறுக்கே போய் நின்றாள்; அடி அவளுக்கும் விழுந்தது. பதினொரு நாள் வராததற்குக் காரணம் வலியன்று. வீக்கம் வடிய அத்தனை நாள் பிடித்தது. வீங்கிய முகத்தோடு வெளியே போனால் குடும்ப மானம் போய்விடும் என்று தாயே தடுத்துவிட்டாளாம். என்ன விந்தையான மானம் பாருங்கள்! அடித்தவன் கையிலே அது இல்லை; அடிபட்டவள் முகத்திலே இருக்கிறது!

குடிதான் காரணம் என்று உடனே சொல்லுவார்கள். குடி கேட்டை விளைவிக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்று கேட்போம். குடித்தவன் தன் முதலாளியை அடிக்கிறானா? காவல் ஆய்வாளரை அடிக்கிறானா? கடை வாசலில் தன்னைவிட வலியவனைக் கண்டால் வணங்கி ஒதுங்கும் அளவுக்குத் தெளிவாய் இருக்கும் போதை, வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் கண் மறைத்துவிடுகிறதாம்! ஆளறிந்து அடிக்கும் போதையை நாம் எந்த மருத்துவ நூலிலும் கண்டதில்லை. குடிக்காத வீடுகளிலும் அடி உண்டு. ஊரார் கைகூப்பும் பெரிய மனிதர் வீடுகளிலும் உண்டு. மனைவியும் மக்களும் தன் உடைமை, உடைமையை என்னவும் செய்யலாம் என்ற எண்ணமே அடிக்கிறது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியாவுக்கு அந்தக் கணக்கு 29. பகுத்தறிவு பேசிய மண், பெண் கல்வியில் முன்னின்ற மண் என்று மார்தட்டுகிறோம். தட்டலாம், உரிமை உண்டு. ஆனால் இந்த 38-ஐயும் சேர்த்தே தட்ட வேண்டும். அறுபது பேர் அமர்ந்த வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நுழைந்தால், வருகைப் பதிவேடே வேறு விதமாகத் தெரியும்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 45 பேரும் ஆண்களில் 44 பேரும் கூறியுள்ளனர். அடிபடுகிறவர்களே அடியைத் தகும் என்கிறார்கள்! அதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடத்திட்டம் எது? "கல்லானாலும் கணவன்" என்றோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றோம். "அடியாத மாடு படியாது" என்று மாட்டையும் மகளையும் ஒரே தொழுவத்தில் கட்டினோம். "மாதா பிதா குரு தெய்வம்" என்று வரிசை வேறு வகுத்து வைத்திருக்கிறோம். குருவுக்கு மேலே பிதா! பிறகு, பிதாவின் கை ஓங்கியிருப்பதைக் காணும் குரு என்ன செய்வார்? வரிசை தவறாமல் ஒதுங்கி நிற்பார்.

ஒதுங்கி நிற்பதுகூடப் பரவாயில்லை. சில இடங்களில் பஞ்சாயத்துக்கு உட்காருகிறார்கள். வேறோர் ஊர்க் கல்லூரியில் பணிபுரியும் நண்பர் சொன்னது இது. பேராசிரியை ஒருவரிடம் மாணவி வாய் திறந்து சொன்னாள். செய்தி முதல்வருக்குப் போயிற்று. முதல்வர் உடனே தகப்பனாரை வரவழைத்தார். வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக அவர் வந்தார். "செல்போனே கதின்னு இருக்கா சார், கண்டிச்சேன். பெத்தவன் கண்டிக்கக் கூடாதா?" என்றார். முதல்வருக்கு மனம் நெகிழ்ந்தது. "அப்பா உன் நல்லதுக்குத்தானே அம்மா சொல்கிறார்? மன்னிப்புக் கேட்டுக்கொள்" என்றார். கேட்டாள். தேநீர் வந்தது, சமரசம் முடிந்தது. அவள் யாரிடம் சொன்னாள், என்ன சொன்னாள் என்பதெல்லாம் அடித்தவருக்கு ஐயந்திரிபறத் தெரிந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் இருக்கை காலியாக இருந்தது. வாய் திறந்ததற்கு என்ன கிடைக்கும் என்பதை வகுப்பிலிருந்த மற்றவர்கள் ஆசிரியர் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று. மகளுக்கும் உரியது, உடன்பிறந்தாளுக்கும் உரியது. உடலில் விழும் அடி மட்டுமன்று. ஓயாத இழிசொல்லும், கையில் காசில்லாமல் ஆக்குவதும் அதிலே வன்முறைதான். அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவை ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும் என்போம். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ நிற்காது. "நமக்கேன் வம்பு? நாளைக்கு நம்மீதே வழக்குப் போட்டால்?" என்று அஞ்சுகிற ஆசிரியருக்குச் சட்டமே எழுதிக் கொடுத்த விடை இது. பாதுகாப்பு அலுவலர் மாவட்டந்தோறும் இருக்கிறார். சமூகநல அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். நீதித்துறை நடுவரிடம் மனுக் கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும். பாதிக்கப்பட்டவள் வழக்கமாகப் போகும் இடத்துக்கு அடிப்பவன் வரக்கூடாதென்று நடுவர் ஆணையிடவும் முடியும். அந்த இடம் கல்லூரியாகவும் இருக்கலாம்.

இத்தனையும் ஏட்டிலே இருக்க, கல்லூரிக் குழுக்கள் என்ன சொல்லுகின்றன? வளாகத்துப் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. வீட்டு அடியோடு போனால், "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்பார்கள். உண்மைதான், வராது. ஆனால் அடிபட்ட கை வளாகத்துக்குள்தானே வருகிறது, எழுதுகோலைப் பிடிக்க முடியாமல்?

வருகை விதியைப் பாருங்கள். நூற்றுக்கு 75 நாள் வர வேண்டும். சற்றுக் குறைந்தால், 'காண்டனேஷன்' என்று மாணவர்கள் சொல்லும் தண்டத் தொகையைக் கட்டி மருத்துவச் சான்று வைக்க வேண்டும். மேலும் குறைந்தால் தேர்வெழுத முடியாது. மருத்துவச் சான்றுக்கு எங்கே போவாள்? அரசு மருத்துவமனையில் அடிபட்ட காயம் என்றால் பதிவேட்டில் ஏற்றுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பது அவள் தாய்க்குத் தெரியும். ஆகவே போகவிட மாட்டாள். தண்டத் தொகைக்கு எங்கே போவாள்? அடித்தவரிடம்! ஆக, அடித்தவன் வீட்டிலே இருக்க, அடிபட்டவள் கல்லூரிக்கு அபராதம் கட்டுகிறாள். இதற்கு மனுநீதி என்று பெயரிட்டாலும் தகும்.

பெண்களை மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறோம். வணிகவியல் மாணவன் ஒருவன் முதல் மணி வகுப்பில் நாள்தோறும் தூங்கி விழுவான். இரவெல்லாம் செல்போன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். உணவகத்தில் இட்லி பரிமாறும் பெரியவர்தான் பேச்சுக் கொடுத்து அறிந்தார்: தகப்பன் உறங்கும் வரை தாயின் அறை வாசலில் பையன் பாய் போட்டுக் காவல் இருக்கிறான், தகப்பன் உறங்குவது விடியற்காலை மூன்று மணிக்கு. பதினெட்டு வயது நிறைந்த ஆண்மகன் அடிபட்டால், நாம் மேலே சொன்ன சட்டத்தில் அவனுக்கு இடமில்லை. பொதுவான குற்றச் சட்டம்தான் உண்டு. அதற்குத் தகப்பன்மீது காவல் நிலையத்தில் புகார் எழுத வேண்டும். எந்த மகன் எழுதுவான்? அவனுக்குக் கல்லூரி செய்யக்கூடியதாய் இருந்தது மிகச் சிறிய காரியம்தான்: முதல் மணிப் பாடத்தைப் பிற்பகல் பிரிவில் கேட்க விடுவது. அதற்கு மூன்று கையொப்பமும் ஆறு வாரமும் ஆயின.

காதல் என்ற செய்தி வரும்போதோ, ஊழியர் சிலர் ஒற்றராகவே மாறிவிடுகிறார்கள். "உங்கள் மகள் இன்ன பையனோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள்" என்று தாமாகவே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, கடமையாற்றிய மகிழ்ச்சியோடு தேநீர் குடிக்கப் போகிறவர்களை நாம் அறிவோம். அந்த ஒரு செய்தியால் அன்றிரவு ஒரு வீட்டில் கதவு சாத்தப்படும்; படிப்பு நிற்கும்; வேறு சாதி என்றால் அதற்கு மேலும் போகும். பொள்ளாச்சியில் பொறியியல் படித்த உடுமலை சங்கர், சாதி கடந்து கௌசல்யாவை மணந்ததற்காக 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுமா கல்லூரித் தொலைபேசியைச் சாதிக்கு ஊழியம் செய்ய விடுவது? வயது வந்த இருவர் பேசுவதை வீட்டுக்கு அறிவிக்க எந்தப் பல்கலைக்கழக விதியிலும் கட்டளையில்லை.

விடுமுறை என்றால் மாணவர் மகிழ்வர் என்பது இன்னொரு நம்பிக்கை. விடுதி மாணவிகளில் தீபாவளி விடுமுறைக்கு நடுங்குபவர் உண்டு. சமையற்கூடத்தை மூடிவிடுவதால் போயே ஆக வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இது ஊருக்கெல்லாம் வெளிச்சமாயிற்று. வகுப்பு செல்போன் வழியே வீட்டுக்குள் நுழைந்தது; ஆசிரியர் அதுவரை கேட்டிராத ஒலிகள் அந்த வழியே திரும்பி வந்தன. "ஒலிவாங்கியை அணைத்து வையுங்கள்" என்று எல்லோரும் சொன்னோம், வகுப்பு நடக்க வேண்டுமல்லவா? ஆனால் அணைக்கும் முன் கேட்டதை ஒரு தாளில், நாளும் நேரமும் இட்டுக் குறித்துவைத்த ஆசிரியை ஒருவரை அறிவோம். ஓராண்டு கழித்து அம்மாணவி பாதுகாப்பு அலுவலர்முன் நின்றபோது அந்தத் தாள் அவளுக்குத் துணை நின்றது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கிய திட்டம், ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவி செய்தது. 2022-இல் அதுவே உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1000 ரூபாய் போகிறது. தாலிக்குப் போன பணம் ஏட்டுக்குப் போகிறது! 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டவர்கள் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்த ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது? நம் வேதியியல் மாணவியின் அட்டை தகப்பனார் பையில் இருந்தது. ரகசிய எண்ணும் அவரிடமே. வங்கிக்கு அவளோடு நடந்துபோய் அட்டையை முடக்கிப் புதிய அட்டை வாங்கித் தந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அதே அலுவலக உதவியாளர் அம்மையார்.

அவளுக்கு வேறென்ன செய்ய முடிந்தது? தாய் புகார் கொடுக்க மறுத்துவிட்டாள். "எங்கே போவேன்? வீடு அவர் பேரில்" என்றாளாம். அவரோடு வாழ்ந்த வீட்டிலே தொடர்ந்து குடியிருக்க, வீடு யார் பெயரில் இருந்தாலும் தனக்குச் சட்டப்படி உரிமையுண்டு என்பதை அவளுக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் நம்பவில்லை. மகளுக்கு நடு ஆண்டில் விடுதியில் இடம் கிடைத்தது; அவள் சான்றிதழ்களின் நகல்கள் கல்லூரிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டன, மூலங்கள் தகப்பனாரின் பீரோவில் இருப்பதால். இரண்டு தாள் அரியர் விழுந்தது. ஒன்றை எழுதித் தேறிவிட்டாள். சனிக்கிழமைகளில் தாயைப் பார்க்கப் போகிறாள். அடி நின்றதா என்று கேட்டால், "குறைஞ்சிருக்கு சார்" என்கிறாள். அவ்வளவுதான்.

ஆலோசனை சொல்லுவதைவிடக் கேட்பதே கடினம் என்பதை அந்தப் பேராசிரியையிடம் கண்டோம். "ஏன் இத்தனை நாள் பொறுத்தாய்?" என்று அவர் கேட்கவில்லை. "உனக்கு எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசினால் ஆபத்தில்லை?" என்று கேட்டார். "இன்றிரவு வீட்டுக்குப் போக அச்சமாக இருக்கிறதா?" என்று கேட்டார். ஆம் என்று வந்தால் 181 என்ற எண்ணும், தங்க இடமும் மருத்துவமும் சட்ட உதவியும் ஒரே கூரையின்கீழ் தரும் ஒருங்கிணைந்த சேவை மையமும் அவருக்குத் தெரிந்திருந்தன. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் அவர் உறுதி கொடுப்பதில்லை. முதலாண்டில் பதினேழு வயதினர் பலர் உண்டு. பதினெட்டு நிறையாத பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். மறைத்தால் ஆசிரியருக்கே தண்டனை. அதை முன்கூட்டியே மாணவியிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்கத் தொடங்குவார்.

இவ்வளவு நுட்பமும் ஒரு நல்ல மனிதரின் குணத்தைப் பொறுத்ததாகவே இருந்தால், அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் ஓய்வு பெற்றுவிடும். ஆகவேதான் படிவத்தைப் பிடித்தோம். 1989 முதல் பதினெட்டு வயதில் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க உரிமையுள்ளவள், அரை நாள் விடுப்புக்குத் தகப்பன் கையொப்பம் கேட்டு நிற்கிறாள்! விடுப்புக்கும் விடுதிக்கும் சான்றிதழுக்கும் மாணவர் கையொப்பமே போதும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரை மாணவரே குறிப்பிடட்டும், அது அத்தையாகவும் இருக்கலாம், தோழியாகவும் இருக்கலாம். வருகைக் குறைவுக்கு மருத்துவச் சான்றுக்குப் பதிலாக, காரணம் கேட்காமல், ஆசிரியை ஒருவரின் பரிந்துரையை ஏற்கலாம். பதினேழு பேர் கையெழுத்திட்டுக் கல்லூரிக் குழுவுக்குக் கொடுத்தோம். ஆசிரியர் பன்னிருவர், மற்ற ஐவர் அலுவலகம், நூலகம், உணவகம், துப்புரவுப் பணியைச் சேர்ந்தவர்கள். ஆசிரியர் அல்லாதார் கையெழுத்து எதற்கு என்று குழுவில் ஒருவர் வினவினாராம். ஓட்டு வீட்டுக் கதையை எடுத்துச் சொன்னோம்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம் எங்கே என்று இந்த வாரம் போய்ப் பாருங்கள். முகவரியை எழுதி, பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலே ஒட்டச் செய்யுங்கள். அறிவிப்புப் பலகையில் வேண்டாம். அங்கே நின்று படிப்பவளைப் பிறர் பார்ப்பார்கள்.

எங்கள் படிவம் இன்னும் குழுவிடம் இருக்கிறது. 'பெற்றோர் கையொப்பம்' என்ற வரியின்மீது முதல்வர் பென்சிலால் கோடு கிழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார். அடுத்த ஆண்டுக்கான படிவங்கள் ஏப்ரலில் அச்சுக்குப் போகின்றன.